பாட்டிலிருந்து உறைக்கு: கலைஞரின் பாணி தெரியும்படி ஆல்பம் பேக்கேஜிங் செய்வது எப்படி?

ஆல்பம் கவர் செய்யப் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் எடுத்தவுடன் மென்பொருளைத் திறந்து, கலைஞரின் புகைப்படம் ஒன்றை நடுவில் வைத்து, பெயருக்கு ஃபான்ட் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் ஏதோ ஒன்று வந்துவிடும். பார்க்க மோசமாகவும் இருக்காது. அந்தப் பெயரை அழித்துவிட்டு வேறொரு பாடகரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் மோசமாக இருக்காது. கோளாறே அதில்தான்.

நான் வேலை செய்யும் வரிசை இதற்குத் தலைகீழ். முதலில் கேட்பது, அப்புறம் பேசுவது, அதன் பின் வடிவம், தாள், திறக்கும் வரிசை, எழுத்து. படம் எட்டாவதாகத்தான் வரும். ஸ்ட்ரீமிங்குக்கு மட்டும் கவர் செய்கிறவர்கள் 5, 6 ஆகிய படிகளைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் எதையும் தாண்ட வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இறுதி செய்த பாடல் வரிசை, ஒவ்வொரு பாட்டின் நீளம், திருத்தி முடித்த பாடல் வரிகள், வாசித்தவர்கள் முதல் ஒலிப்பதிவாளர் வரை எல்லார் பெயரும் அவரவர் எழுதும் எழுத்துக்கூட்டலில். உரிமை வரிகள், அதாவது வட்டத்துக்குள் ‘சி’ போட்டு வரும் வரியும் வட்டத்துக்குள் ‘பி’ போட்டு வரும் வரியும். முதலாவது வரிகள், இசையமைப்பு, உறை ஓவியம் போன்றவற்றின் உரிமை. இரண்டாவது ஒலிப்பதிவின் உரிமை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பார்கோடு எண், வெளியீட்டு எண் (வெளியிடுபவர் அந்த ஆல்பத்துக்குத் தரும் அடையாள எண்), அச்சகமோ டிஸ்க் தயாரிப்பவரோ தரும் டெம்ப்ளேட் (அளவுகள் குறித்த மாதிரிக் கோப்பு) ஆகியவையும் வேண்டும்.

இவை வராமல் வடிவமைக்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒருமுறை ஐம்பத்திரண்டு நிமிட ஆல்பத்துக்கு ஒற்றை எல்.பி. (வினைல் இசைத்தட்டு) உறை செய்து முடித்திருந்தேன். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 22 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டிவரும், ஒலியளவும் அடிநாதமும் குறையும். வெட்டும் பொறியாளர் இரட்டைத் தட்டு என்றார். ஸ்பைன் (உறையின் முதுகு விளிம்பு) தடித்தது, உள்ளுறை ஒன்று கூடியது, நான் செய்த டைலைன் (வெட்டு, மடிப்புக் கோடுகளின் வரைபடம்) முழுவதும் குப்பைக்குப் போனது. பாடல்களின் நீளத்தை முதல் நாளே கூட்டிப் பார்த்திருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

இன்னொன்று, முடிவு சொல்லும் ஆள் யார் என்று கேட்டு, ஒரே ஒரு பெயரை வாங்கிக்கொள்ளுங்கள். குழுவில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேரும் கருத்துச் சொல்லலாம், ‘சரி’ சொல்வது ஒருவராக இருக்கட்டும். ஐந்து பேரும் ஒப்புக்கொண்ட கவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் பழுப்பு நிறத்தில் இருக்கும்.

2. மூன்று முறை கேளுங்கள்

முதல் முறை, குறிப்பு எடுக்காமல், இடையில் எழுந்து போகாமல், தொடக்கத்திலிருந்து முடிவு வரை. ஆல்பத்துக்கு ஒரு மொத்த எடை உண்டு. தனித்தனிப் பாட்டாகக் கேட்டால் அது கைக்கு அகப்படாது.

இரண்டாம் முறை, பேனாவோடு. ‘சோகம்’, ‘உற்சாகம்’ மாதிரி உணர்ச்சிச் சொற்களை எழுதாதீர்கள். அவை எல்லாருக்கும் பொருந்தும், அதனால் உங்களுக்கு உதவாது. ஒலியின் தன்மையை எழுதுங்கள். குரல் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, ஒரு பெரிய கூடத்தின் கோடியில் இருக்கிறதா? மூச்சு வாங்கும் சத்தத்தை விட்டுவைத்திருக்கிறார்களா, துடைத்துவிட்டார்களா? எத்தனை கருவிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன? அமைதி எங்கே, எவ்வளவு நேரம்? பாட்டுகள் சட்டென முடிகின்றனவா, கரைந்து போகின்றனவா?

மூன்றாம் முறை, பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. திரும்பத் திரும்ப வரும் பொருள்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்: ஜன்னல், உப்பு, ரயில், பல் என்று எதுவாகவும் இருக்கலாம். பெரிய கருத்துகளை விட்டுவிடலாம். ‘சுதந்திரம்’ என்பதை வரையப் போனால் பறவைதான் வரும்.

இப்போது இரண்டாம் முறை எழுதிய ஒவ்வொரு ஒலிக்குறிப்புக்கும் எதிரே கண்ணுக்கோ கைக்கோ உரிய ஒரு சொல்லை எழுதிப் பாருங்கள். எதிரொலி இல்லாமல் காதருகே ஒலிக்கும் குரல் என்றால் நெருக்கமாக வெட்டிய படம், பளபளப்பில்லாத தாள். அடுக்கடுக்கான ஒலி என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட நிறங்கள். நீண்ட மௌனங்கள் என்றால் காலியாக விட்ட பக்கங்கள். இது வாய்ப்பாடு இல்லை. சில சமயம் எதிர்த்திசையில் போவதும் சரியாக வரும். அடர்ந்த, இரைச்சலான இசைக்கு ஒரே ஒரு கோடு போதும் என்று தோன்றலாம். எந்தக் குறிப்பிலிருந்து அந்த முடிவு வந்தது என்று உங்களால் காட்ட முடிந்தால் போதும்.

இங்கே புதியவர்கள் வழுக்கும் இடம், இசை வகையைப் பார்த்து முடிவு செய்வது. நாட்டுப்புறச் சாயல் என்றால் பழுப்புத் தாள், மின்னிசை என்றால் நியான் கட்டங்கள், மெட்டல் என்றால் முள் முளைத்த எழுத்து. அது இசை வகையின் சீருடை. உங்கள் வேலை அந்தச் சீருடைக்குள் இருக்கும் ஆளைக் காட்டுவது.

3. கலைஞரிடம் என்ன கேட்பது

‘உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?’ என்று கேட்காதீர்கள். ஏதாவது ஒரு கலர் சொல்வார், அப்புறம் அதிலிருந்து தப்ப முடியாது. நான் கேட்பவை இவை:

எந்த மாதிரி கவரில் உங்கள் பெயரைப் பார்த்தால் கூச்சமாக இருக்கும்? உங்கள் வீட்டில் இருக்கும் ஆல்பங்களில் அடிக்கடி கையில் எடுத்துப் பார்ப்பது எது, அதில் எந்தப் பக்கம்? இந்த ஆல்பத்தில் உங்களைத் தவிர யாருக்கும் பிடிக்காமல் போனாலும் வெட்டமாட்டேன் என்று நினைத்த இடம் எது? மேடைக்கு எதை உடுத்துகிறீர்கள், ஏன்? பாட்டு எழுதும் நோட்டைக் காட்ட முடியுமா?

கடைசிக் கேள்வி எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. ஒருவர் வரிகளை அடித்து அடித்து எழுதுவார். இன்னொருவர் அடிக்கவே மாட்டார், புதிதாக அடுத்த பக்கத்தில் எழுதுவார். அந்தப் பழக்கமே அவர் பாடும் விதத்திலும் இருக்கும்.

பேசி முடித்ததும் ஒரு பக்கத்தில் இரண்டு பத்திகள் எழுதுங்கள். இடப்பக்கம் ‘இவர் செய்வார்’, வலப்பக்கம் ‘இவர் செய்யமாட்டார்’. பக்கத்துக்கு மூன்று நான்கு வரி போதும். ‘சொல்ல வேண்டியதைப் பாதியில் நிறுத்துவார்.’ ‘கேமராவைப் பார்க்கமாட்டார்.’ ‘பழைய காலம் போல வேஷம் போடமாட்டார்.’ இதைக் கலைஞரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பிற்பாடு கவரைப் பார்த்து ‘எனக்கு என்னவோ சரியாப் படலை’ என்று யாராவது சொன்னால், பேச்சை ரசனையிலிருந்து இந்தத் தாளுக்குக் கொண்டுவரலாம். எந்த வரியோடு மோதுகிறது என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். வலப்பக்கத்துப் பத்திதான் அதிகம் உதவும். ஒருவருடைய பாணி அவர் தவிர்ப்பவற்றில் சீக்கிரம் பிடிபடும்.

4. எந்த வடிவம் முதலில்

ஒரே ஆல்பம் வினைலாகவும் சி.டி.யாகவும் கேசட்டாகவும் ஸ்ட்ரீமிங் சதுரமாகவும் வெளிவரலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். ஒன்றைத் தலைமை வடிவமாக எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அதிலிருந்து உருவாக்குங்கள்.

அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 12 அங்குல எல்.பி. உறையின் ஒரு பக்கம் சுமார் 315 மி.மீ. சதுரம். சி.டி. புக்லெட் 120 மி.மீ. சதுரம். ஜுவல் கேஸின் (சி.டி.யின் பிளாஸ்டிக் பெட்டி) பின்தாள், இரு ஸ்பைன்களையும் சேர்த்து ஏறக்குறைய 151 × 118 மி.மீ.; அதில் ஸ்பைன் ஒவ்வொன்றும் 6.5 மி.மீ. கேசட்டின் முன்பக்கம் செங்குத்துச் செவ்வகம், அகலம் 65 மி.மீ. அளவு. ஸ்ட்ரீமிங்குக்கு 3000 × 3000 பிக்சல் சதுரம் எங்கும் செல்லும். ஆனால் ஃபோனில் அது கட்டைவிரல் நகம் அளவுதான் தெரியும். சரியான அளவு எப்போதும் அச்சிடுபவர் தரும் டெம்ப்ளேட்டில் இருப்பதுதான். இணையத்தில் கிடைத்த டெம்ப்ளேட்டில் வேலை செய்துவிட்டு ஒரு மில்லிமீட்டர் தவறியதற்கு அழுதவர்கள் நிறைய.

எது தலைமை வடிவம் என்பதை விற்பனைக் கணக்கு மட்டும் முடிவு செய்ய வேண்டியதில்லை. நுணுக்கமான, கிட்ட வந்து கேட்கச் சொல்லும் இசை என்றால் வினைலை முதலில் யோசிப்பேன், ஏனென்றால் அந்த அளவில்தான் கண் ஊர்ந்து திரிய இடம் உண்டு. கேசட்டும் வரப்போகிறது என்றால் முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள். சதுரத்தில் அழகாகச் சமன்பட்ட படத்தைச் செவ்வகத்துக்கு வெட்டும்போது ஒரு பக்கம் கட்டாயம் போகும். எந்தப் பக்கம் போகலாம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

5. தாளும் பொருளும்

படம் வருவதற்கு முன்பே தாளா என்று கேட்பார்கள். ஆமாம். கேட்பவர் கைக்கு முதலில் எட்டுவது தாள்தான். படமும் தாளைப் பொறுத்து மாறும்.

பூச்சுள்ள தாளில் மை மேலேயே தங்கும். நிறம் தெளிவாக, விளிம்பு கூர்மையாக வரும். பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சிக்கொள்ளும். புள்ளிகள் பரவும், நிழல் பகுதிகள் அடைந்துபோகும், திரையில் கரிய கறுப்பாக இருந்தது சாம்பல் கலந்த கறுப்பாக வரும். ஆனால் பூச்சில்லாத தாளைத் தொட்டால் கதகதப்பாக இருக்கும். உங்கள் மனத்தில் இருக்கும் படம் ஆழ்ந்த இருட்டை நம்பியதாக இருந்தால், அதைப் பூச்சில்லாத தாளில் அடித்துவிட்டு அச்சகத்தாரைத் திட்டிப் பயனில்லை. தாளை முதலில் தேர்ந்தால், அதற்கேற்ற படத்தை எடுக்கலாம்.

அப்புறம் அச்சுக்குப் பிந்தைய மெருகு வேலைகள்: மேட் (பளபளப்பில்லாத) லேமினேஷன், பளபள லேமினேஷன் (இரண்டும் தாளின் மேல் ஒட்டும் மெல்லிய படலம்), ஸ்பாட் யூ.வி. (சில இடங்களுக்கு மட்டும் பளபளப்பு), ஃபாயில் (மினுங்கும் மெல்லிய தகடு), எம்பாஸ் (தாளைப் புடைக்கச் செய்வது), துளை வெட்டு. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. இரண்டு சேர்ந்தால் திருமண அழைப்பிதழ் ஆகிவிடும். அந்த ஒன்றும் 3ஆம் படியில் எழுதிய ஏதோ ஒரு வரிக்குப் பதிலாக இருக்க வேண்டும். ‘பாதியில் நிறுத்துவார்’ என்று எழுதினோமே, அந்தக் கலைஞருக்கு மை இல்லாமல் எம்பாஸ் மட்டும் செய்த பெயர் பொருந்தும். வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும்.

பொருளே பேசும் உறைகளும் உண்டு. தி டுருட்டி காலம் குழுவின் முதல் ஆல்பம் 1980இல் உப்புத்தாளால் ஆன உறையில் வந்தது; பக்கத்தில் இருக்கும் உறைகளைச் சுரண்டிவிடும். உள்ளே இருப்பதோ மென்மையான கிட்டார். அந்த முரண் வேண்டுமென்றே செய்தது. வேண்டாமலே நடந்ததற்கும் உதாரணம் இருக்கிறது. 1971இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஓர் ஆல்பத்துக்கு உறையில் நிஜ ஜிப் வைத்தார்கள். அடுக்கி அனுப்பியபோது ஜிப்பின் பிடி தட்டை அழுத்திப் பாட்டைக் கெடுத்தது. ஜிப்பைப் பாதிவரை இறக்கி வைத்து, பிடி தட்டின் நடு லேபிளில் படும்படி செய்து சமாளித்தார்கள். விசேஷமாக ஏதாவது ஒட்டவோ தைக்கவோ போகிறீர்கள் என்றால், இருபது பிரதிகளை அடுக்கி, மேலே கனம் வைத்து, ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.

6. திறக்கும் வரிசையை எழுதுங்கள்

கவர் என்றால் முன்பக்கம் என்றே நினைக்கிறோம். வாங்குகிறவர் கை அப்படிப் போவதில்லை. அலமாரியில் ஸ்பைனைப் பார்க்கிறார், இழுக்கிறார், முன்பக்கம், திருப்பினால் பின்பக்கம், திறந்தால் உட்பக்கம், உள்ளுறை, புக்லெட், டிஸ்க், டிஸ்க்கை எடுத்த பின் அதன் அடியில் இருக்கும் இடம். எட்டு ஒன்பது கணங்கள். பாட்டு வரிசையை எவ்வளவு யோசித்து அமைக்கிறார்களோ அதே போல இதையும் அமைக்க வேண்டும்.

ஒரு தாளில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ‘இங்கே என்ன தெரிய வேண்டும்’ என்று ஒரு வரி எழுதுங்கள். படம் வரைய வேண்டாம். ‘முன்பக்கம்: கதவு. உட்பக்கம்: அறை, யாருமில்லை. டிஸ்க்கின் அடியில்: நாற்காலி.’ இவ்வளவு போதும். எதை எப்போது காட்டுகிறீர்கள் என்பதில்தான் கலைஞரின் குணம் வெளிப்படும். எல்லாவற்றையும் முன்பக்கத்திலேயே கொட்டுகிறவரா, கடைசிவரை ஒன்றைப் பிடித்து வைத்திருப்பவரா? ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேட்டாலே பதில் கிடைக்கும்.

டிஸ்க்கின் அடியில் இருக்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். டிஸ்க்கை எடுக்கிறவர், அதாவது உண்மையிலேயே கேட்கப் போகிறவர் மட்டும் பார்க்கும் இடம் அது.

சில நடைமுறைக் கட்டுகள். நடுவில் பின் அடிக்கும் புக்லெட்டின் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும்: 8, 12, 16. பத்துப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்து நிற்காதீர்கள். ஒற்றை எல்.பி. உறையின் ஸ்பைன் சுமார் 3 மி.மீ.தான், மடிப்பு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எழுத்து முன்பக்கத்துக்கு வழிந்துவிடும். ஸ்பைனுக்கும் முன்பக்கத்துக்கும் வேறு வேறு நிறம் கொடுத்தால் அந்த நகர்வு பளிச்சென்று தெரியும். ஒரே நிறத்தை மடிப்பைத் தாண்டி ஓடவிடுவது பாதுகாப்பு.

7. எழுத்து

பெயர் முன்பக்கத்தில் இருந்தே ஆக வேண்டுமா? கட்டாயமில்லை. ஜாய் டிவிஷன் குழுவுக்காகப் பீட்டர் சாவில் வடிவமைத்த 1979ஆம் ஆண்டு உறையின் முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. கறுப்பின் நடுவே வெள்ளை அலைக்கோடுகள் மட்டும். ஸ்ட்ரீமிங்கில் கவருக்குப் பக்கத்திலேயே பெயர் எழுத்தாக வந்துவிடுகிறது என்பதால் இன்று இதைச் செய்வது அதைவிடச் சுலபம். ஆனால் ஸ்பைனிலும் பின்பக்கத்திலும் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். முதல் ஆல்பம் போடுகிறவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. முகம் தெரியாதவர் பெயரையும் மறைத்தால் யாரென்று தேடுவது?

ஃபான்ட்டைப் பட்டியலில் உருட்டித் தேடும் முன், ஆல்பத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கலைஞர் அதை எப்படிச் சொல்வார்? இழுத்தா, வெட்டியா, தாழ்ந்த குரலிலா? எழுத்தின் தடிமனும் இடைவெளியும் அந்த உச்சரிப்பிலிருந்து வரட்டும்.

தமிழ் எழுத்தில் செய்கிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. நம் எழுத்துகள் அகலம், மேலே புள்ளியும் சுழியும், கீழே வாலும் உண்டு. ஆங்கில எழுத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே வைத்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை அகட்டும்போது பல மென்பொருள்கள் கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்துத் தனியாக நிறுத்திவிடும். ‘கொ’ மூன்று துண்டாகக் கிடக்கும். தலைப்பு மட்டுமாவது கையால் நகர்த்திச் சரிசெய்யுங்கள். தமிழும் ஆங்கிலமும் ஒரே வரியில் வந்தால், இரண்டுக்கும் ஒரே புள்ளி அளவு கொடுத்தால் ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும் தெரியும். எண்ணை மறந்துவிட்டுக் கண்ணால் சமன் செய்யுங்கள்.

சிறிய எழுத்தை நான்கு மைகள் கலந்த இருண்ட பின்னணியில் வெள்ளையாக விடுவது அடுத்த பள்ளம். மைத் தகடுகள் இம்மியளவு விலகினாலும் மெல்லிய கோடுகள் அடைபட்டுவிடும். பாடல் வரிகளை அப்படித்தான் விட வேண்டும் என்றால், எழுத்தைத் தடிமனாக்குங்கள், அல்லது பின்னணியை ஒற்றை மையில் வையுங்கள்.

பாடல் வரிகளை இடம் போதவில்லை என்று பத்தியாக ஓடவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. பாடகர் எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கேதான் வரி உடைய வேண்டும். இடம் இல்லையென்றால் எழுத்தைச் சுருக்காமல் பக்கத்தைக் கூட்டுங்கள், அதுவும் முடியாவிட்டால் சில பாட்டுகளின் வரிகளை விட்டுவிடுங்கள்.

8. இப்போதுதான் படம்

இதுவரை செய்தவற்றால் பாதை குறுகியிருக்கும், அது நல்லது. தாள் தெரியும், வரிசை தெரியும், செய்யக்கூடாதவை தெரியும். பெரும்பாலும் படம் தானாகவே தேர்ந்துகொள்ளும்.

ஓரங்குலச் சதுரங்களாக பத்துப் பதினைந்து கிறுக்கல் போடுங்கள். இந்த அளவில் புரியாத படம் ஃபோனிலும் புரியாது. அதில் மூன்றை மட்டும் வளர்த்து, இரண்டைக் கலைஞரிடம் காட்டுங்கள். ஐந்தைக் காட்டினால் ‘இதிலிருந்து தலையும் அதிலிருந்து வாலும்’ என்று கேட்பார்கள்.

வசதி குறைவாக இருப்பது தடையே அல்ல. ஜாஸ் நிறுவனமான ப்ளூ நோட்டுக்கு ரீட் மைல்ஸ் செய்த உறைகள் பலவற்றில், பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், அதன் மேல் ஒற்றை நிறம், பெரிய எழுத்து, அவ்வளவுதான் இருக்கும். படத்தை எங்கே வெட்டுகிறார், எழுத்தை எங்கே அடுக்குகிறார் என்பதிலேயே தாளம் கேட்கும்.

வளர்த்த படங்களுக்கு மூன்று சோதனை. முதலாவது, தொடக்கத்தில் சொன்ன பெயர் மாற்றும் சோதனை: அதே வகை இசை செய்யும் வேறொருவரின் பெயரைப் போடுங்கள். உறுத்தினால் நல்லது. இரண்டாவது, அதே வகையில் அண்மையில் வந்த இருபது கவர்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். மூன்றாவது, கவரை எதிரே வைத்துக்கொண்டு முதல் பாட்டைப் போடுங்கள். பாட்டு தொடங்கிய பத்து விநாடிக்குள் படம் பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். நான் இந்த மூன்றாவது சோதனையில் தோற்று, அச்சுக்குப் போக இருந்த ஒன்றைத் திரும்ப வாங்கியிருக்கிறேன். படம் அழகுதான், ஆனால் பாட்டைவிடச் சத்தமாக இருந்தது.

புகைப்படமோ ஓவியமோ வேறொருவருடையது என்றால், கவருக்கு மட்டுமா, சுவரொட்டிக்கும் சட்டைக்கும் சேர்த்தா என்று எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நண்பர் எடுத்த படத்துக்கும் இது பொருந்தும். அங்கேதான் பின்னால் மனக்கசப்பு வருகிறது.

9. அச்சுக் கோப்பு

இது சலிப்பான படி. வேகமாகச் சொல்கிறேன், நீங்கள் மெதுவாகச் செய்யுங்கள்.

வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. ப்ளீட் (வெள்ளை விளிம்பு வராமலிருக்கப் படத்தை நீட்டி விடும் இடம்), உள்ளே குறைந்தது 3 மி.மீ. எழுத்தில்லாத இடம். வெட்டும் கத்தி ஒவ்வொரு கட்டுக்கும் சற்று நகரும் என்பதே காரணம். படங்கள் அச்சாகும் அளவில் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி). அச்சுக்கு சி.எம்.ஒய்.கே. (நான்கு அச்சு மைகளின் நிறமுறை), ஸ்ட்ரீமிங்குக்கு ஆர்.ஜி.பி. (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி நிறமுறை); இரண்டையும் தனிக் கோப்பாக வையுங்கள். சிறிய கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும், நான்கு மையில் வேண்டாம். ஃபாயில், எம்பாஸ், ஸ்பாட் யூ.வி. வரும் இடங்களைத் தனி லேயரில், தனி ஸ்பாட் நிறமாக (நான்கு மைகளில் கலக்காத தனி நிறம்) குறியுங்கள்.

பார்கோடின் இயல்பு அளவு 37.29 × 25.93 மி.மீ.; 80 சதவீதம் வரை குறைக்கலாம். கோடுகளைச் சிவப்பாக்காதீர்கள். ஸ்கேனரின் ஒளியே சிவப்பு என்பதால் அதற்குச் சிவப்புக் கோடு வெள்ளையாகத்தான் தெரியும். இருபக்கமும் காலி இடம் விட வேண்டும்.

சி.டி. டிஸ்க்கின் நடுவில் 15 மி.மீ. துளை இருக்கும். கவரில் இருந்த முகத்தை அப்படியே டிஸ்க்கில் போட்டு, மூக்கு இருந்த இடத்தில் ஓட்டையோடு வந்த பிரதிகளை எல்லாரும் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். ஸ்ட்ரீமிங் சதுரத்தில் இணைய முகவரி, விலை, தளங்களின் சின்னம் ஆகியவை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

10. டம்மி, ப்ரூஃப்

திரையில் சுழலும் முப்பரிமாணப் படத்தை நம்பாதீர்கள். அதில் தாளுக்குக் கனம் கிடையாது. அச்சகத்திலிருந்து அதே தாளில் வெள்ளை டம்மி (அச்சில்லாத மாதிரி உறை) ஒன்று வாங்கி, உங்கள் பக்கங்களை அச்செடுத்து ஒட்டி, மடித்து, டிஸ்க்கையும் உள்ளே வைத்துப் பாருங்கள். மடிப்பில் மை வெடிக்கிறதா? உள்ளுறை இழுக்க இறுக்கமாக இருக்கிறதா? புக்லெட்டை விரித்தால் நடுப்பக்கத்து எழுத்து பின்னுக்குள் போய்விடுகிறதா?

பிறகு ஆல்பத்தைக் கேட்காத ஒருவரிடம் கொடுங்கள். எதுவும் விளக்காதீர்கள். கையை மட்டும் கவனியுங்கள். எந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரியாமல் முழிக்கிறார், எங்கே நிற்கிறார். திறந்து முடித்ததும் ‘இதற்குள் இருக்கும் பாட்டு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வது 2ஆம் படியில் நீங்கள் எழுதிய ஒலிக்குறிப்புகளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எல்லாம் பொருந்த வேண்டியதில்லை. நேர் எதிராகச் சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

பிழை பார்ப்பதில் ஒரு முறை உண்டு. பாட்டுப் பெயர்கள் பின்பக்கம், புக்லெட், டிஸ்க், டிஜிட்டல் பட்டியல் என்று நான்கு இடங்களில் வரும். நான்கையும் தனித்தனியாகப் படித்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். ஒருவர் ஒன்றை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் மற்றதைப் பார்க்க வேண்டும், எழுத்து எழுத்தாக. ஏழாவது பாட்டின் பெயர் பின்பக்கத்தில் ஒற்றோடும் டிஸ்க்கில் ஒற்றில்லாமலும் அச்சாகி வந்த ஒரு ஆல்பம் என் அலமாரியில் இருக்கிறது. பிழை பார்த்தது நான்தான், தனியாக, இரவு ஒரு மணிக்கு.

நிறத்துக்குத் திரையைக் காட்டி ஒப்புதல் வாங்காதீர்கள். அச்சகம் தரும் நிற ப்ரூஃபை, அதாவது நிறம் சரிபார்க்கும் மாதிரி அச்சை, பகல் வெளிச்சத்தில் கலைஞரோடு உட்கார்ந்து பார்த்து, அந்தத் தாளிலேயே கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

11. பெட்டிகள் வந்த பிறகு

ஒரே பெட்டியின் மேலிருந்து பத்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். வேறு வேறு பெட்டிகளின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் எடுங்கள். அச்சு ஓட ஓட மை அளவு மாறும் என்பதால், கட்டுக்குக் கட்டு நிற வேறுபாடு இருக்கும். கையெழுத்திட்ட ப்ரூஃபோடு ஒப்பிடுங்கள். ஒரு பிரதியில் டிஸ்க்கைப் போட்டுக் கேட்டும் பாருங்கள். உறை சரியாக இருந்து உள்ளே வேறொருவர் பாட்டு இருந்ததையும் கண்டிருக்கிறேன்.

மூன்று பிரதிகளைத் திறக்காமல் எடுத்து வையுங்கள். அவற்றோடு கோப்புகளின் இறுதி நகல், தாளின் பெயரும் கனமும், ஸ்பாட் நிற எண், லேமினேஷன் வகை எல்லாவற்றையும் எழுதி ஒரே உறையில் போட்டு, அதன் மேல் வெளியீட்டு எண்ணை எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து மறுபதிப்புக் கேட்டு ஃபோன் வரும். அப்போது அந்தத் தாள் கிடைப்பதில்லை என்று அச்சகம் சொல்லும். பக்கத்தில் வேறு தாள்களை வைத்துத் தொட்டுப் பார்த்து மாற்றுத் தேட, திறக்காத அந்த மூன்றில் ஒன்றைத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.